போயா நாளில் மட்டும் கூடும் ஐந்து பேருக்கு எந்த சிஸ்டம், எந்த உலகம்?

வெள்ளவத்தை_அலை:

வணக்கம். ஆலோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். மேசையைச் சுற்றி இருந்து விளையாடும் ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து கதையை நடத்துவது) ஒன்றைத் தொடங்கப் பார்க்கிறோம். ஒரு நாளோடு முடிகிற விளையாட்டு இல்லை, தொடர்ந்து போகிற கதை. கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர், நான்தான். இடம் பிரச்சினை இல்லை, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஹோல் பெரிது. பிரச்சினை நேரம். ஒருவர் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம், ஞாயிறும் கணக்குப் பார்க்கப் போவார். ஒருத்தி டியூஷன் டீச்சர், சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. மற்ற இருவரும் வங்கி. ஆக எல்லோருக்கும் பொதுவாக லீவு விழுவது போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) மட்டும்தான். மாதம் ஒரு தடவை, நான்கு மணித்தியாலம்.

இருவர் இதற்கு முன் விளையாடியதே இல்லை. ஒருவன் யூடியூபில் மற்றவர்கள் விளையாடுவதை வருடக்கணக்காகப் பார்த்தவன், ஆனால் ஒரு நாளும் மேசையில் இருந்ததில்லை. வங்கிக்காரர்களில் ஒருவன் சிங்களவன். தமிழ் நன்றாக விளங்கும், வாசிக்க வராது.

எந்த சிஸ்டம்? எந்த உலகம்? உலகத்தை முதலில் தெரிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற விதிகளைத் தேடுவதா, அல்லது மறுவளமா?

இருபதுமுகம்:

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்). ஐந்தாம் பதிப்பு. இதற்கு ஏன் ஒரு இழை?

காரணமும் சொல்கிறேன். அடிப்படை விதிகள் இலவசம். 2023 ஜனவரியில், விதிகளை மற்றவர்கள் பாவிக்கும் உரிமம் பற்றி வந்த சண்டைக்குப் பிறகு விதிகளின் சாரத்தையே கிரியேட்டிவ் கொமன்ஸில் விட்டுவிட்டார்கள், நீங்கள் அதைத் தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுத்தாலும் ஒருவரும் கேட்க முடியாது, பெயரைக் குறிப்பிட்டால் போதும். யூடியூப் நண்பனுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். குழுவில் ஒருவர் வெளிநாடு போய்விட்டால் (கொழும்பில் இது ‘போய்விட்டால்’ இல்லை, ‘போகும்போது’) வேறு ஆள் பிடிப்பது சுலபம், ஏனென்றால் விளையாடத் தெரிந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரிந்தது இதுதான். 1974இல் தொடங்கி இன்றுவரை ஓடுகிற கேம், சும்மா ஓடவில்லை.

உலகத்துக்கு ஏதாவது வெளியான சாகசப் புத்தகம் ஒன்றை எடுங்கோ. முதல் தடவை மாஸ்டராக இருப்பவர் உலகம் எழுத வெளிக்கிட்டால் மூன்று மாதம் வரைபடம்தான் கீறுவார்.

கொட்டாஞ்சேனைக்_கோழி:

> இதற்கு ஏன் ஒரு இழை?

தம்பி வந்துவிட்டார், இழை முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கோ.

அலை, மாதம் ஒரு தடவை என்றால் பிளேட்ஸ் இன் த டார்க் பாருங்கள். திருடர் கூட்டம், இருண்ட நகரம், கால்வாய்கள், பேய்கள். ஒரு அமர்வில் ஒரு வேலை: போவது, எடுப்பது, தப்புவது. பிறகு ஓய்வுக் காலம், காயம் ஆற்றுவது, கடன் அடைப்பது. அடுத்த போயாவுக்கு வரும்போது ‘நாங்கள் எந்த அறையில் நிற்கிறோம், யார் யாருக்கு எத்தனை உயிர்ப்புள்ளி’ என்று யாரும் பழைய கொப்பியைத் தேடத் தேவையில்லை. ஆள் ஒருவர் வராவிட்டாலும் கதை நொண்டாது, அவர் அன்றைக்கு ஒளிந்திருந்தார், அவ்வளவுதான்.

ஆறுபக்க டைஸ் மட்டும் போதும். அதிகமாக விழுந்த எண்ணைப் பார்ப்பது. 6 என்றால் முழு வெற்றி, 4 அல்லது 5 என்றால் காரியம் நடக்கும் ஆனால் ஒரு வினை கூடவே வரும், 3உம் கீழும் என்றால் சிக்கல். இரண்டு டைஸ் உருட்டினால் 4 அல்லது அதற்கு மேல் கிடைக்க நான்கில் மூன்று வாய்ப்பு. புதியவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கும்.

பழைய_பகடை:

இருவரும் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டீர்கள். அலை கேட்டது வேறு கேள்வி, அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

உலகம் முதலா, விதி முதலா? என் அனுபவத்தில் இரண்டும் இல்லை. மேசையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்ன நடக்கப்போகிறது என்பதுதான் முதல். டி அண்ட் டியின் பாத்திரத் தாளை, அதாவது உங்கள் பாத்திரத்தின் திறமைகள் எழுதியிருக்கும் தாளை, எடுத்துப் பாருங்கள். அதில் முக்கால்வாசி சண்டைக்கானது: தாக்கும் எண், கவசம், உயிர்ப்புள்ளி, எத்தனை தடவை மந்திரம் போடலாம் என்ற கணக்கு. தாளில் எது இருக்கிறதோ அதைத்தான் விளையாடுபவர்கள் தேடுவார்கள். நீங்கள் அரண்மனைச் சூழ்ச்சிக் கதை எழுதி வைத்திருந்தாலும், கையில் வாளுக்கு நல்ல எண் வைத்திருப்பவன் வாளைத்தான் உருவுவான். அவனில் பிழை இல்லை. தாள் அப்படிச் சொல்கிறது.

இதோடு உங்கள் மாதக் கணக்கையும் சேருங்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 மாஸ்டர் வழிகாட்டியில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறது: ஒரு கூட்டம் நீண்ட ஓய்வு (இழந்த உயிர்ப்புள்ளியும் மந்திரமும் திரும்பக் கிடைக்கும் ஓய்வு) எடுப்பதற்கு முன் ஒரு நாளில் நடுத்தரம் அல்லது கடினமான மோதல்கள் 6 முதல் 8 வரை தாங்கும் என்று. மந்திரவாதிக்கும் வாள்வீரனுக்கும் உள்ள சமநிலை அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. நான்கு மணித்தியாலத்தில் உங்கள் ஆட்கள் எத்தனை மோதல் முடிப்பார்கள்? இரண்டு முடித்தால் பெரிய காரியம். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஒவ்வொரு அமர்வும் ஓய்வோடு தொடங்கினால், மந்திரவாதி ஒரே சண்டையில் எல்லா மந்திரத்தையும் கொட்டிவிடுவார், வாள்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். அல்லது கதையில் ஒரே ஒரு நாள் மூன்று போயாவுக்கு இழுபடும், இடையில் யாரிடம் எந்த மந்திரம் மிச்சம் என்பதை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

வாரம் ஒரு தடவை கூடுகிற குழுவுக்கு நான் டி அண்ட் டியைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். அதில் வளர்ச்சி அழகு, ஒவ்வொரு மட்டத்திலும் புதிதாக ஒன்று கிடைக்கும். ஆனால் வருடத்துக்கு 12 போயா, சில வருடம் 13. அதிலும் வெசாக்கைக் கழியுங்கள், பந்தல் பார்க்கிற சனத்துக்குள் காலி வீதியைக் கடந்து ஒருவரும் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

டைஸைப் பற்றியும் ஒன்று. இருபதுபக்க டைஸில் 1உம் 20உம் 11உம் ஒரே வாய்ப்பு, ஒவ்வொன்றும் 5 சதவீதம். கெட்டிக்காரனும் அடிக்கடி வழுக்குவான், கூத்தாக இருக்கும். இரண்டு ஆறுபக்க டைஸைக் கூட்டும் சிஸ்டங்களில் (அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற கேமின் வழி வந்தவை) 10உம் மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி. ஒன்றும் கூட்டாமல் உருட்டினால் முழு வெற்றி ஆறில் ஒன்று, விலையோடு வெற்றி 36இல் 15, தோல்வியும் 36இல் 15. ஒரேயொரு புள்ளி கூட்டினால் தோல்வி 36இல் 10க்கு இறங்கிவிடும். நடுவில் விழுகிற எண்கள்தான் அதிகம், ஆகவே கதை ‘ஆமாம், ஆனால்’ என்றே போகும். டைஸின் குணம் கதையின் குணமாகிவிடும், இதை விளம்பரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே அலை, முதலில் உங்கள் ஆட்களிடம் எந்த உலகம் வேண்டும் என்று கேட்காதீர்கள். மேசையில் என்ன செய்ய ஆசை என்று கேளுங்கள்.

வெள்ளவத்தை_அலை:

நன்றி அண்ணா. நேற்றிரவே வட்ஸ்அப்பில் கேட்டேன். வந்த பதில்கள் அப்படியே:

புறக்கோட்டை: “பேய் வேணும். உண்மையாப் பயம் வரோணும்.”

டீச்சர்: “சண்டை வேண்டாம். ஆக்களோட கதைச்சு உண்மையைப் பிடுங்கிற மாதிரி.”

யூடியூப்: “டிராகன்.” (பிறகு) “சரி டிராகன் இல்லாட்டியும் ஓகே, ஆனா சாகிற ஆபத்து இருக்கோணும்.”

சிங்கள நண்பன்: “எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனா பக்கம் பக்கமா வாசிக்கச் சொல்லாதே.”

இன்னொரு சிக்கல். டைஸ். கொழும்பில் இருபதுபக்க டைஸ் தேடி அலைந்தேன். ஒரு பொம்மைக் கடையில் லூடோ டைஸைக் காட்டி “இதுதான் பெரிசு” என்றார்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் தபால் செலவு டைஸை விட அதிகம். போனில் உருட்டுவதற்கு டீச்சர் மறுக்கிறார், “போனை எடுத்தால் எல்லோரும் போனுக்குள்தான் இருப்பார்கள்” என்று. அவர் சொல்வது சரி.

அரைக்கால்_அரக்கன்:

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் டைஸ் விஷயத்தில் சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டில் முன்னூற்றிநாலு விளையாடுகிற காட்ஸ் கட்டு இருக்கும்தானே. 304க்கு நாங்கள் எடுப்பது 7இலிருந்து ஏஸ் வரை, 32 காட்ஸ். மிச்சம் ஒதுக்கி வைப்பது 2, 3, 4, 5, 6. நான்கு இனத்திலும் ஐந்தைந்து. மொத்தம் 20.

இருபதுபக்க டைஸ் உங்கள் அலுமாரிக்குள் ரப்பர் பாண்ட் போட்டுக் கிடக்கிறது.

ஸ்பேட் 2–6 என்றால் 1 முதல் 5. ஆட்டின் 6 முதல் 10. கிளாவர் 11 முதல் 15. டயமன்ட் 16 முதல் 20. காட்டின் மூலையில் பேனையால் எண்ணை எழுதிவிடுங்கள், கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் உருவிய காட்டைத் திரும்பப் போட்டுக் கலைக்க வேண்டும், அது முக்கியம்.

நூறுபக்கம் வேண்டுமா? அதே 20ஐ இரண்டாகப் பிரியுங்கள். ஸ்பேடும் ஆட்டினும் ஒரு கட்டு, அது பத்தின் இடம். கிளாவரும் டயமன்ட்டும் ஒரு கட்டு, அது ஒன்றின் இடம். இரண்டாவது கட்டிலும் 1 முதல் 10 என்று எழுதுங்கள், 10 வந்தால் பூச்சியம், இரண்டும் பூச்சியம் என்றால் நூறு. அச்சொட்டாக நூறு வாய்ப்பு.

இருபதுமுகம்:

அடேய். இதை ஏன் இவ்வளவு நாளும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. டி அண்ட் டியில் அட்வான்டேஜ் என்றால் இரண்டு டைஸ் உருட்டி நல்லதை எடுப்பது. ஒரே கட்டிலிருந்து இரண்டு காட் உருவினால் ஒரே எண் இரண்டு தடவை வராது. சராசரி 13.8 வரவேண்டியது 14 ஆகிவிடும்.

அரைக்கால்_அரக்கன்:

0.2 கூடக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கோவன்.

மழைக்கால_மந்திரவாதி:

அலை, உங்கள் வட்ஸ்அப் பதில்களை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பேய், கதைத்து உண்மை எடுப்பது, சாகிற ஆபத்து, வாசிக்கக் கூடாது. நான்கும் சேர்ந்தால் கோல் ஒஃப் க்துலு, திகிலும் துப்பறிதலும் கலந்த கேம். 1981இலிருந்து இருக்கிறது, இப்போது ஏழாம் பதிப்பு, தொடக்க விதிகள் இலவசமாகவே கிடைக்கும்.

விதி இவ்வளவுதான். உங்கள் ‘கேட்டல்’ திறமை 60 என்று தாளில் இருந்தால் நூறில் 60க்குள் வர வேண்டும். கடினமான காரியம் என்றால் பாதி, 30க்குள். மிகக் கடினம் என்றால் ஐந்தில் ஒன்று, 12க்குள். ஒரு குழந்தைக்கும் விளங்கும், ஏனென்றால் 60 சதவீதம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சிங்கள நண்பன் எண்ணை மட்டும் பார்த்தால் போதும். சண்டை இருக்கிறது, ஆனால் துப்பாக்கிக் குண்டு ஒன்று ஆளைக் கொல்லும், அதனால் சண்டைக்கு யாரும் ஆசைப்படமாட்டார்கள்.

மனநிலைப் புள்ளிதான் இதன் உயிர். பார்க்கக் கூடாததைப் பார்த்தால் குறையும். ஒரே அதிர்ச்சியில் ஐந்தோ அதற்கு மேலோ குறைந்தால் ‘கண்டதை விளங்கிக்கொண்டாயா’ என்று ஒரு உருட்டல். அதில் *வென்றால்தான்* புத்தி தடுமாறும். விளங்காதவன் தப்பிவிடுவான். எந்த சிஸ்டத்திலும் இவ்வளவு குரூரமான ஒரு விதியை நான் பார்த்ததில்லை.

இனி உலகம். இந்த கேம் வழக்கமாக 1920களின் அமெரிக்காவில் நடக்கும். எங்களுக்கு அது எதற்கு? அந்தக் காலக் கொழும்பையே எடுங்கள். டிராம் ஓடுகிறது. கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரமே வெளிச்சவீடாகவும் இருக்கிறது (1867இல் விளக்கு ஏற்றி 1952 வரை எரித்தார்கள்). துறைமுகத்துக்கு உலகத்துச் சாமான் எல்லாம் வருகிறது, பெட்டிக்குள் என்ன வருகிறது என்று யாருக்குத் தெரியும். நூதனசாலை 1877இலிருந்து திறந்திருக்கிறது. செட்டியார் தெருவில் அடகுக்கு வந்த ஒரு பொருளை மீட்க யாரும் வரவில்லை. இதெல்லாம் கதை தானாக எழுதிக்கொள்ளும் இடங்கள்.

கொட்டாஞ்சேனைக்_கோழி:

மந்திரவாதி நன்றாக எழுதுகிறார், ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, துப்பறியும் கதையில் டைஸ் பிழைத்தால் கதையே நின்றுவிடும். மேசை லாச்சிக்குள் கடிதம் இருக்கிறது. தேடுகிறார்கள். 60க்கு 71 வருகிறது. கடிதம் இல்லை. அப்புறம்? மாஸ்டர் வியர்த்துக்கொண்டு வேறு வழி தேடுவார்.

இரண்டு, உண்மையான கொழும்பு வேண்டாம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன், நீங்கள் 1920களில் ஜிந்துப்பிட்டியை எந்தப் பக்கம் வைத்தாலும் “அது அங்கே இல்லை” என்பேன். பிளேட்ஸின் நகரத்தில் சூரியனே உடைந்துவிட்டது, கடல் மிருகத்தின் இரத்தத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள், அங்கே யார் வந்து பிழை பிடிப்பார்? கால்வாய் வேண்டுமென்றால் அங்கேயும் இருக்கிறது, மணம் இல்லாத கால்வாய்.

நிலா_தெஹிவளை:

இடையில் வருகிறேன். பிளேட்ஸோ எதுவோ, ‘காவலர் நிறைந்த நகரம்’ எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் யோசியுங்கள் அலை.

நான் முன்பு இருந்த ஒரு குழுவில் கற்பனை நகரம்தான். பெயர்கூட வாயில் நுழையாது. நாங்கள் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். மாஸ்டர் நல்ல நடிகர். கதிரையிலிருந்து எழும்பி, கையை நீட்டி, குரலை மாற்றி, “அடையாள அட்டை. எங்கே இருந்து வருகிறீர்கள்? ஏன் இந்த நேரத்தில்?” என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு வயது நாற்பதுக்கு மேல். அவருடைய கை நேரே சட்டைப் பைக்குப் போய்விட்டது. விளையாட்டில் இல்லை, உண்மையாகவே. பிறகு அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், ஆனால் அன்றைக்கு மிச்ச நேரம் அவர் வாயே திறக்கவில்லை.

அந்த மாஸ்டரில் கோபம் இல்லை, அவருக்கு அப்போது பதினெட்டு, செக்பொயின்ற் என்றால் அவருக்குக் கதையில் வருவது. ஆகவே விளையாட்டுக்கு முன் ஒரு அமர்வு வையுங்கள், டைஸ் இல்லாமல். வரவே கூடாதவை எவை, வந்தாலும் விவரிக்காமல் தாண்டிப் போக வேண்டியவை எவை என்று ஒரு தாளில். அதை மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், எங்கள் ஆட்கள் “எனக்கு ஒன்றும் இல்லை” என்றுதான் சொல்வார்கள். தனித்தனியாக மெசேஜில் கேளுங்கள். நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஒரு காட்டையும் வையுங்கள், தொட்டால் அந்தக் காட்சி அதோடு சரி, ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.

இதற்கும் சிஸ்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. பிளேட்ஸில் காவலர்கள் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மோப்பம் பிடித்து வருவார்கள், அது விதியிலேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் பாதி போய்விடும். க்துலுவில் காவலர் இல்லாமலே ஒரு முழுக் கதை நடத்தலாம்.

கொட்டாஞ்சேனைக்_கோழி:

நிலா அக்கா சொன்ன பிறகு நான் பிளேட்ஸை இந்தக் குழுவுக்குத் தள்ளமாட்டேன். அது சரிதான். ஆனால் லாச்சிக் கடிதப் பிரச்சினைக்கு யாராவது பதில் சொல்லுங்கோ.

பழைய_பகடை:

கோழி, கதை முன்னே போகத் தேவையான தடயத்துக்கு டைஸ் கேட்காதே. லாச்சியைத் திறந்தால் கடிதம் இருக்கிறது, அவ்வளவுதான். டைஸ் கேட்பது, அதைத் திறக்கும்போது பக்கத்து அறையில் யாருக்கும் கேட்டதா என்பதற்கு. கம்ஷூ என்று இதற்காகவே ஒரு விதிமுறை எழுதினார்கள், அதில் உரிய திறமை உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் முக்கிய தடயம் தானாகக் கிடைக்கும். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் க்துலுவுக்குக் கொண்டுவந்தால் போதும், புது சிஸ்டம் படிக்கத் தேவையில்லை. அதோடு ஒரே உண்மைக்கு மூன்று இடத்தில் தடயம் வையுங்கள், விளையாடுபவர்கள் இரண்டைத் தவறவிடுவார்கள், அது நிச்சயம்.

உலகத்தைப் பற்றி: கோழியின் பயம் நியாயமானது. முழு நகரத்தையும் மேசையில் வைத்தால் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், மாஸ்டர் பதில் சொல்லியே களைத்துப்போவார். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட நாளை வைத்து ஒரு கதை நடத்த எனக்கு நெடுநாள் ஆசை. குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக்கி வைத்திருந்ததே ஜப்பான்காரருக்குத் தெரியாது, அந்த ஒரு விவரத்துக்காகவே செய்யலாம். ஆனால் அதற்குப் படிக்க வேண்டியது மலையளவு. முதல் கதைக்கு மூடிய இடம் ஒன்று வேண்டும். ஒரு கப்பல், ஒரு பங்களா, அல்லது...

மழைக்கால_மந்திரவாதி:

ரயில்!

போட் மெயில். கோட்டையில் இரவு ஏறினால் விடியும்போது தலைமன்னார்த் துறை, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, பிறகு மறுபடி ரயிலில் மதராஸ். ஒரு இரவு, வெளியே இருட்டு, உள்ளே ஐந்தாறு பெட்டி. யார் வேண்டுமானாலும் ஏறலாம்: தோட்டத் துரை, செட்டியார் தெரு நகை வியாபாரி, ஊருக்குத் திரும்புகிற கங்காணி, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், கலியாணத்துக்குப் போகும் குடும்பம். ஓடுகிற ரயிலிலிருந்து இறங்கி ஓடவும் முடியாது, பொலிஸைக் கூப்பிடவும் முடியாது. நகரத்தைப் பற்றிக் கோழி பிழை பிடிக்கவும் முடியாது.

ரயில்_பைத்தியம்:

ஆனால் நான் பிடிப்பேன்.

போட் மெயில் 1914இல் தொடங்கியது, பாம்பன் பாலம் திறந்த அதே வருடம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி முடிந்தது. ஆகவே அதற்கு இடையில் எந்த வருடம் வேண்டுமானாலும் எடுங்கள், 1930களின் தொடக்கம் நல்லது என்பது என் எண்ணம். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது, ரயிலில் கதைப்பதற்கு அரசியல் நிறைய இருக்கும். 1934–35 மலேரியாக் காலத்தை எடுத்தால் ரயிலில் இருமுகிற ஒவ்வொருவரும் சந்தேகம்தான். (மலேரியாவுக்கு இருமல் முக்கியமில்லை என்று யாரும் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும், பயணிகளுக்குத் தெரியாது.)

பாதை: பொல்காவலை, குருநாகல், மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார், தலைமன்னார். மலைநாட்டுப் பாதை பொல்காவலையில் பிரியும். மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் போகிற பாதை மாகோவில். யாழ்ப்பாணப் பாதையும் மன்னார்ப் பாதையும் பிரிவது மதவாச்சியில். இதை மாஸ்டர் பிழையாகச் சொன்னால் நான் வீடு தேடி வருவேன்.

மழைக்கால_மந்திரவாதி:

பைத்தியம், நீங்கள் எனக்குக் கதையையே கொடுத்துவிட்டீர்கள். மதவாச்சியில் ரயில் நிற்கிறது. நடுச்சாமம் தாண்டிவிட்டது. கார்ட் லாந்தரோடு இறங்கிப் பெட்டிகளை எண்ணுகிறார். கோட்டையில் எண்ணியதை விட ஒன்று அதிகம்.

கொட்டாஞ்சேனைக்_கோழி:

சரி. தோற்றேன். நான் வரலாமா?

ஒரு சின்ன விஷயம் பிளேட்ஸிலிருந்து களவெடுங்கள், அது நல்ல விஷயம். வட்டம் கீறி நான்காகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரித்து, நிலைமை மோசமாகும்போது ஒரு துண்டை நிரப்புவது. உங்களுக்கு வட்டமும் தேவையில்லை, நிலையங்களே இருக்கின்றன. நேரத்தை வீணாக்கினால் ரயில் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். மன்னார் தாண்டினால் அந்த அதிகப் பெட்டிக்குள் இருப்பது விழித்துக்கொள்ளும். தாளை மேசை நடுவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள், மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்தாலே பயப்படுவார்கள்.

இருபதுமுகம்:

எல்லோரும் சேர்ந்து டி அண்ட் டியைப் புதைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. யூடியூப் நண்பன் மூன்றாவது போயாவில் “என் கரெக்டர் எப்போது மட்டம் ஏறும்?” என்று கேட்பான், அப்போது என்னைத் தேடி வருவீர்கள். க்துலுவில் திறமை எண் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், ஆனால் ஆள் அநேகமாக அதற்கு முன் பைத்தியமாகிவிடுவார். தொடர்கதை வேண்டும் என்று அலைதான் கேட்டார், ஒரு இரவு ரயிலில் அது எப்படித் தொடரும்?

பழைய_பகடை:

இருபதுமுகம் கேட்பது சரியான கேள்வி. ஒரு ரயில் இரவு மூன்று போயாவுக்குப் போகும்: ஏறுவதிலிருந்து மாகோ வரை ஒன்று, மதவாச்சி வரை ஒன்று, துறை வரை ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிலையத்தில் முடிவதால் அடுத்த மாதம் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டாம். உயிரோடு இறங்குகிறவர்களுக்குக் கப்பல் இருக்கிறது, அந்தப் பக்கம் மண்டபத்தில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருக்கிறது, தோட்டத்துக்கு வருகிற தொழிலாளரை நிறுத்தி வைத்த இடம். அது ஒரு தனிக் கதைக்குக் காணும், ஆனால் அந்த முகாமை அலங்காரமாக மட்டும் வைக்காதீர்கள், அந்த வழியால் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்கள் மேசையிலேயே இருக்கலாம். நிலா சொன்ன தாளில் அதையும் கேளுங்கள்.

யூடியூப் நண்பனுக்கு டிராகன் பசி அடங்காவிட்டால் கெய்ர்ன் என்று ஒரு இலவசச் சிஸ்டம் இருக்கிறது, ஒரு நாள் விளையாடிப் பாருங்கள். தாக்குவதற்கு டைஸ் உருட்டுவதே இல்லை, அடித்தால் படும், எவ்வளவு படும் என்பது மட்டும்தான் கேள்வி. பத்து நிமிடத்தில் ஆளை உருவாக்கலாம், பதினைந்தாவது நிமிடத்தில் சாகவும் கொடுக்கலாம். டிராகனும் கிடைக்கும், ஆபத்தும் கிடைக்கும்.

வெள்ளவத்தை_அலை:

முடிவு செய்துவிட்டேன். க்துலு ஏழாம் பதிப்பு இலவச விதிகள், 1930களின் போட் மெயில், மூன்று போயா. அரைக்கால் அண்ணாவின் 304 காட்ஸ். அடுத்த போயாவுக்கு டைஸ் இல்லாத முதல் அமர்வு, நிலா அக்காவின் கேள்விகளை இன்றைக்கே தனித்தனியாக அனுப்புகிறேன். இருபதுமுகம், யூடியூப் நண்பனின் நம்பரை உங்களுக்கு இன்பொக்ஸில் போடவா? நீங்கள் இருவரும் ஒன்லைனில் டிராகன் கொல்லுங்கள், இரண்டு பக்கமும் சந்தோஷம்.

கோழி, மன்னிக்கவும், மாஸ்டரோடு ஐந்து பேருக்கு மேல் என்றால் நான்கு மணித்தியாலத்தில் ஒருவருக்கும் கதைக்க நேரம் வராது. யாராவது வராத போயாவில் கூப்பிடுகிறேன்.

கடைசிக் கேள்வி. சிங்கள நண்பனுக்கு எந்தப் பாத்திரம்? அவனுக்கு நீளமான வாக்குமூலம், பழைய கடிதம் எல்லாம் வாசிக்கிற ஆள் சரிவராது. ஓரமாகவும் இருத்த விருப்பமில்லை.

மழைக்கால_மந்திரவாதி:

கார்ட். எல்லாப் பெட்டிக்கும் போகிற உரிமை அவருக்கு மட்டும்தான் இருக்கிறது, டிக்கட் கேட்கிற சாட்டில் யாரையும் எழுப்பலாம். பயணிகளோடு தமிழ், நிலைய மாஸ்டரோடு சிங்களம், துரையோடு இங்கிலீஷ் என்று மூன்றிலும் கதைக்க வேண்டிய ஒரே ஆளும் அவர்தான், மற்றவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். கடிதம் எல்லாம் டீச்சரின் கையில் கொடுங்கள், அவர் உரத்து வாசிக்கட்டும்.

ரயில்_பைத்தியம்:

கார்டுக்குக் கொடி இரண்டு, லாந்தர், விசில், சாவிக்கொத்து. தாளில் எழுத மறக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்_கோழி:

துப்பாக்கி கிடையாது என்பதையும் எழுதுங்கோ. அவன் கேட்பான்.